வீழ்ச்சியை மறுக்கும் பேரரசர்கள்

முதுகலை பயின்ற நாட்களில் எங்கள் விடுதியில் ஒரே ஒரு நண்பரிடம்தான் கணினி இருந்தது. இரவு உணவுக்குப் பின் அவரது அறையில் ஐந்தாறு பேர் கூடுவோம். 'சிவிலைசேஷன்' என்னும் ஆட்டத்தில் சுட்டியைப் பிடித்திருப்பவர் அரசர். மற்றவர்கள் கேளாமலே ஆலோசனை சொல்லும் அமைச்சர்கள். பின்னிரவில் எங்கள் தலைநகரை எதிரி கைப்பற்றினால் எவரும் நெடுநேரம் வருந்தியதில்லை. பத்து முறைகளுக்கு முன்னர் சேமித்துவைத்த ஆட்டத்தைத் திறப்போம். தலைநகர் மீண்டும் எங்களுடையதாகிவிடும். மறுநாள் காலை, தூக்கம் கலையாத கண்களுடன் சோழர் மெய்க்கீர்த்திகளைப் பாடம் கேட்போம். இவ்விரண்டுக்கும் இடையே ஓர் உறவு உண்டென்பது அப்போது எங்களுக்குப் புலப்படவில்லை.

இந்த ஆட்டத்தில் வெல்வதற்கான உத்திகளும் குறுக்குவழிகளும் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக எழுதப்பட்டு வருகின்றன. அவற்றை வெறும் விளையாட்டுக் குறிப்புகளாகக் கொள்ளாமல், பேரரசு குறித்து நம் காலத்து மனிதர் கொண்டிருக்கும் எண்ணங்களாகவும் வாசிக்க இயலும். அவ்வாறு வாசிக்கும்போது அவை பெரும்பாலும் ஒரு புள்ளியில் வந்து கூடுகின்றன. வீழ்ச்சியை ஏற்க மறுத்தலே அப்புள்ளி.

முதலில் ஆட்டத்தின் வரலாறு. இங்கிலாந்தைச் சேர்ந்த பிரான்சிஸ் டிரஷாம் 1980இல் 'சிவிலைசேஷன்' என்ற பெயரில் ஒரு பலகை ஆட்டத்தை வெளியிட்டிருந்தார். 1989இல் வந்த 'சிம்சிட்டி' நகரமைப்பைக் கணினி ஆட்டமாக்கிக் காட்டியது. இத்தகைய முன்னோடிகள் இருந்த சூழலில், அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் இயங்கிய மைக்ரோபுரோஸ் நிறுவனத்தில் சிட் மையரும் புரூஸ் ஷெல்லியும் உருவாக்கிய ஆட்டம் 1991இல் வெளியாயிற்று. தொடக்க வரைவில் காலம் தானாக ஓடிக்கொண்டிருந்தது. பின்னர்தான் அது சதுரங்கத்தைப் போல ஆளுக்கொரு முறை காய் நகர்த்தும் ஆட்டமாக மாற்றப்பட்டது. கி.மு. 4000இல் ஒரு குடியேற்றக் கூட்டத்தோடு தொடங்கி, பிற நாகரிகங்கள் அனைத்தையும் வென்றோ, ஆல்பா சென்டாரி விண்மீனுக்கு முதலில் விண்கலம் அனுப்பியோ வெற்றி பெறலாம். ஆடுவதற்கு 14 நாகரிகங்கள் இருந்தன. அவற்றுள் இந்தியாவும் ஒன்று. அதன் தலைவராகக் காந்தி வைக்கப்பட்டிருந்தார்.

உத்திகளுக்குள் நுழையுமுன் ஓர் எச்சரிக்கை தேவை. இத்தகைய குறிப்புகளில் செவிவழிக் கதைகள் நிறையக் கலந்திருக்கும். முதல் ஆட்டத்தில் காந்தியின் போர்க்குணம் 1 என்றும், மக்களாட்சி வந்ததும் அதிலிருந்து 2 கழிக்கப்பட, எண் பின்னோக்கிச் சுழன்று 255 ஆகி அவர் அணுகுண்டு வீசினார் என்றும் ஒரு கதை உண்டு. அது இணையத்தில் 2012 வாக்கில் பரவத் தொடங்கியது. அப்படியொரு பிழை இருந்ததேயில்லை என்று 2020இல் வெளிவந்த தம் நினைவுக்குறிப்பு நூலில் மையர் மறுத்துவிட்டார். 2010இல் வந்த ஐந்தாம் பதிப்பிலோ, அணுகுண்டின் மீது காந்திக்கு மிகுந்த நாட்டம் இருப்பதாக வடிவமைப்பாளர்கள் வேடிக்கைக்காகவே அமைத்தார்கள். பிற்காலத்து வேடிக்கை முற்காலத்துப் பிழைக்குச் சான்றாகக் காட்டப்பட்டது. இலக்கிய வரலாறு கற்பிப்பவர்களுக்கு இது பழகிய நோய்தான்.

உத்திகளில் முதலாவது, மண் பிடித்தல். 'எத்தனை நகரம் முடியுமோ அத்தனை நகரம், நெருக்க நெருக்கமாக' என்பதே பழைய பதிப்புகளில் கைதேர்ந்தவர்கள் சொன்ன அறிவுரை. காரணம் எளிய கணக்கு. மக்கள்தொகை ஒன்றாக உள்ள சிற்றூரிலும் இரண்டு கட்டங்கள் விளைச்சல் தரும்: ஊர் நிற்கும் கட்டம் ஒன்று, அந்த ஒருவர் உழைக்கும் கட்டம் இன்னொன்று. பெருநகரில் பத்தாவது ஆள் சேர்ந்தால் கூடுவதோ ஒரே ஒரு கட்டம். ஆகவே பத்துப் பேருள்ள ஒரு மாநகரைவிட ஒருவர் மட்டுமே உள்ள பத்துச் சிற்றூர்கள் ஆதாயமானவை. இந்த ஓட்டையை அடைக்க வடிவமைப்பாளர்கள் பெரும்பாடு பட்டார்கள். 2001இல் வந்த மூன்றாம் பதிப்பு நகரங்கள் பெருகப் பெருக ஊழலைப் பெருக்கியது. 2005இல் வந்த நான்காம் பதிப்பு நகரங்களின் எண்ணிக்கைக்கும் தலைநகரிலிருந்து அவை இருக்கும் தொலைவுக்கும் ஏற்பப் பராமரிப்புச் செலவை ஏற்றியது. எல்லை விரிய விரிய வருவாயை நிர்வாகமே தின்றுவிடும் என்ற வரலாற்றுப் பாடம் ஆட்டக்காரர்களின் பேராசையைத் தடுக்க வந்த விதியாகவே ஆட்டத்துக்குள் நுழைந்தது.

மண் பிடிப்பதில் இன்னொன்றும் உண்டு. ஆளில்லா நிலம் எனக் காட்டப்படும் வரைபடத்தில் ஆங்காங்கே சிறு குடிகளின் ஊர்கள் தென்படும். நம் படை அங்கே நுழைந்தால் பொன்னோ, புதிய அறிவோ, கூலிப்படையோ கிடைக்கும். சில வேளைகளில் எதிர்ப்பும் கிளம்பும். எது நேர்ந்தாலும் அந்த ஊர் வரைபடத்திலிருந்து மறைந்துவிடும். 'சாரணரை முன்கூட்டியே அனுப்பி இவ்வூர்களை அள்ளிக்கொள்க' என்பது தொடக்கநிலைக் குறிப்புகளில் தவறாது இடம்பெறும். அவ்வூரில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று நாங்கள் ஒருநாளும் கேட்டதில்லை.

இரண்டாம் உத்தியை ஆட்டக்காரர்கள் 'சாட்டை' என்றே அழைக்கிறார்கள். நான்காம் பதிப்பில் வெண்கலத் தொழிலைக் கற்றதும் அடிமைமுறையை மேற்கொள்ளலாம். அதன்பின் ஒரு நகரின் மக்கள்தொகையில் ஓர் அலகைக் குறைத்து, இயல்பு வேக ஆட்டத்தில் 30 அலகு உற்பத்தியை உடனே பெறலாம். கோயிலோ களஞ்சியமோ அந்த முறையிலேயே எழுந்து நிற்கும். அதற்கு ஈடாக நகரில் 10 முறைகளுக்கு ஒருவர் மனக்குறையோடு இருப்பார். 'களஞ்சியத்தை முதலில் கட்டு. மக்கள் விரைவில் பெருகுவர். மீண்டும் சாட்டையை எடு' என்பது தேர்ந்தவர்களின் அறிவுரை. தொடக்கக் காலத்துக்கு இதைவிட வலிய உத்தி அரிது. ஆட்டம் கொடுமையைப் போற்றுகிறது என்று நாம் சொல்லவில்லை. மனிதர்கள் எண்ணாக மாறிவிட்டால், அறம் நிறைந்தவர்கூட எவ்வளவு எளிதாகச் சாட்டையை எடுக்கிறார் என்பதை அது நமக்கே காட்டிவிடுகிறது. பத்து முறைகள் கழிந்ததும் அந்த மனக்குறையும் மறைந்துவிடும். மண்ணில் நிகழ்ந்த அடிமைமுறையின் மனக்குறைக்கு அப்படியொரு கெடு இல்லை.

மூன்றாவது செய்தி தோல்வி பற்றியது. ஈட்டி வீரன் பீரங்கி வண்டியை வீழ்த்திவிட்டான் என்ற புலம்பல் இத்தொடரில் பழம்புகழ் பெற்றது. 2010ஆம் ஆண்டு சான் பிரான்சிஸ்கோவில் நடந்த ஆட்ட வடிவமைப்பாளர் மாநாட்டில் மையர் இதுபற்றிப் பேசினார். வலிமை மூன்றுக்கு ஒன்று எனத் தம் பக்கம் இருக்கும்போது ஆட்டக்காரர்கள் தோற்றால், ஆட்டம் ஏமாற்றுகிறது என்று சினந்தார்கள். நான்கில் ஒரு முறை தோற்பதுதானே கணக்கு என்றால் ஏற்கவில்லை. அதே கணக்கு தலைகீழாக இருந்து, வலிமை குன்றிய நிலையில் தாம் வென்றால் மட்டும் எவரும் முறையிடவில்லை. தம் திறமை என்றே கொண்டார்கள். இறுதியில் கணக்கைத்தான் மாற்ற வேண்டியிருந்தது. மனிதர்களை மாற்ற முடியவில்லை. வலியவர் தம் வெற்றியை இயல்பென்றும் தோல்வியைச் சூதென்றும் கருதுவதற்கு இதைவிடத் தெளிவான சான்றை நாம் கண்டதில்லை.

இப்போது குறுக்குவழிகள். 1996இல் வந்த இரண்டாம் பதிப்பில் அதற்கென்றே ஒரு பட்டியல் இருந்தது. வரைபடம் முழுவதையும் திறக்கலாம், படைகளை வரவழைக்கலாம், கருவூலத்தை நிரப்பலாம். ஆயினும் ஆட்டக்காரர்கள் மிகுதியாகக் கையாண்டது எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒன்றை. தோற்றால் சேமித்த ஆட்டத்தைத் திறப்பதே அது. இதைத் தடுக்க, மீண்டும் திறந்தாலும் அதே போர் அதே முடிவையே தருமாறு பின்னைய பதிப்புகள் அமைக்கப்பட்டன. ஆட்டக்காரர்கள் சளைக்கவில்லை. வேறொரு சிறு போரை முதலில் நடத்தி வரிசையை மாற்றினால் முடிவும் மாறும் என்று கண்டுகொண்டார்கள்.

இந்தப் பழக்கம் ஆட்டத்தின் உள்ளடக்கத்தையே மாற்றியது என்பதுதான் கவனிக்கத்தக்கது. நாகரிகங்களின் எழுச்சியோடு வீழ்ச்சியையும், இருண்ட காலத்திலிருந்து மீண்டெழுவதையும் காட்ட வேண்டுமென்பது மையரின் தொடக்க எண்ணம். ஆனால் கேடு வந்தவுடன் ஆட்டக்காரர்கள் பழைய சேமிப்பைத் திறந்துவிடுவார்கள். வீழ்ந்தபின் என்ன நிகழும் என்பதைக் காண எவரும் காத்திருக்க மாட்டார்கள். எனவே வீழ்ச்சி கைவிடப்பட்டது. எழுச்சி மட்டுமே எஞ்சியது. கி.மு. 4000 முதல் விண்வெளிக் காலம் வரை முறியாமல் வளரும் பேரரசு, உலகில் எங்குமே இருந்திராத ஒன்று, இலட்சக்கணக்கானோரின் வரலாற்றுக் கற்பனையாயிற்று.

கைவிட்டதை மீட்கும் முயற்சிகள் பின்னர் நடந்தன. ஆறாம் பதிப்புக்கு 2018இல் வந்த விரிவாக்கத்தின் பெயரே 'எழுச்சியும் வீழ்ச்சியும்'. இருண்ட காலத்தைக் கடந்து மீள்பவருக்கு அதில் வீர காலம் பரிசாகக் கிட்டும். உடனே புதிய உத்தியும் பிறந்தது: வேண்டுமென்றே இருண்ட காலத்துக்குள் விழுந்து எழுக! வீழ்ச்சியும் வரவு செலவுக் கணக்காகிவிட்டது. 2025 பிப்ரவரியில் வந்த ஏழாம் பதிப்பு இன்னும் துணிந்தது. ஆட்டம் மூன்று காலங்களாகப் பிரிக்கப்பட்டது. காலம் முடியும் வேளையில் நெருக்கடி வரும். அதன்பின் தலைவர் தொடர்வார், நாகரிகம் மாறிவிடும். தாம் வளர்த்த நாகரிகம் பாதியில் முடிவதைப் பலர் விரும்பவில்லை. ஒன்றையே இறுதிவரை ஆட வழி வேண்டும் என்ற குரல் வலுத்தது.

அந்த ஏழாம் பதிப்பின் நடுக்காலத்தில்தான் சோழர் இடம்பெற்றிருக்கிறார்கள். மணிக்கிராமம், அஞ்சுவண்ணம் என்னும் கட்டடங்களை அவர்கள் எழுப்பலாம். இரண்டும் சேர்ந்தால் ஐந்நூற்றுவர் பெயரால் ஒரு வணிகப் பகுதி உருவாகும். கி.பி. 849இன் தரிசாப்பள்ளிச் செப்பேட்டில் நாம் படித்த வணிகக் குழுக்களின் பெயர்களைக் கணினித் திரையில் காண்பது வியப்பாகவே இருந்தது. வியப்பு அடங்கியபின் பழைய மெய்க்கீர்த்தி வகுப்பு நினைவுக்கு வந்தது.

முதலாம் இராசராசன் காலந்தொட்டுக் கல்வெட்டுகளின் தலைப்பில் அமைந்த மெய்க்கீர்த்தி, வென்ற நாடுகளின் அடுக்கு. ஆண்டு ஏற ஏற அடுக்கும் நீளும். ஆட்டத்தின் இறுதியில் திரையில் தோன்றும் மதிப்பெண் பட்டியலுக்கும் அதற்கும் உறவு உண்டு. இரண்டும் எழுச்சியை மட்டுமே அறியும். ஆனால் சோழர் வரலாறு மெய்க்கீர்த்தியோடு முடிந்துவிடவில்லை. 949இல் தக்கோலத்தில் இராட்டிரகூடரோடு நிகழ்ந்த போரில் இளவரசன் இராசாதித்தன் யானைமேல் இருந்தபடியே கொல்லப்பட்டான். கருநாடகத்து ஆதக்கூர்க் கல்வெட்டு அதை வெற்றியாகச் சொல்கிறது. சோழர் தரப்போ அவனை 'ஆனைமேற்றுஞ்சினார்' என்றது. துஞ்சுதல் என்ற அந்த ஒரு சொல் துயரை மூடுகிறது, ஆனால் அழிக்கவில்லை. தொண்டை மண்டலத்துக் கோயில்களில், 'கச்சியும் தஞ்சையும் கொண்ட' கன்னரதேவனின் ஆட்சியாண்டுகளை இட்டு நம் ஊரார் விளக்குக்கும் பூசைக்கும் கொடை எழுதியிருக்கிறார்கள். வென்றவன் பெயர் தோற்றவர் மொழியிலேயே கல்லில் நிற்கிறது. முப்பத்தாறு ஆண்டுகள் கழித்து, 985இல் இராசராசன் அரியணை ஏறினான். அந்த எழுச்சி, தக்கோலத்தை மாற்றி ஆடியதால் வந்ததன்று. தக்கோலம் நிகழ்ந்ததற்குப் பின் வந்தது.

இன்று மாணவர்கள் எங்களிடம் வந்து, அப்பேரரசு வீழாதிருந்தால் எப்படியிருக்கும் என்று கேட்கிறார்கள். கேள்வியில் உள்ள ஏக்கம் எங்களுக்குப் புதிதன்று. விடுதி அறையில் பழைய சேமிப்பைத் திறந்த கைகள்தாமே இவை. அவர்களுக்குச் சொல்ல எங்களிடம் ஓர் உத்தி மட்டுமே உண்டு. ஒருமுறையேனும் சேமித்ததைத் திறக்காமல் ஓர் ஆட்டத்தை ஆடிப் பாருங்கள். தலைநகர் போனபின், எல்லையோரத்தில் எஞ்சிய இரண்டு சிற்றூர்களை வைத்துக்கொண்டு அடுத்த முறையை ஆடுங்கள். வரலாறு அங்கிருந்தும் தொடங்கும்.