நீலப் பாதை: சிங்க்வே தெர்ரேயின் கடலோர நடைவழி

இத்தாலியின் வடமேற்கே லிகூரியா மாநிலத்தில், லா ஸ்பெத்சியா துறைமுக நகருக்குச் சற்று மேற்கில், மலை செங்குத்தாகக் கடலில் இறங்கும் ஒரு கரை இருக்கிறது. அந்தச் சரிவில் ஐந்து சிற்றூர்கள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன: ரியோமஜ்ஜோரே, மனரோலா, கோர்னிலியா, வெர்னாத்சா, மோந்தெரோஸ்ஸோ. ஐந்துக்கும் சேர்த்துச் சிங்க்வே தெர்ரே என்று பெயர். ‘ஐந்து நிலங்கள்’ என்பது பொருள். இவற்றை ஒன்றோடொன்று கோக்கும் சுமார் 12 கிலோமீட்டர் நடைவழிதான் நீலப் பாதை. இத்தாலியர்கள் செந்தியேரோ அத்சூர்ரோ என்பார்கள். வழிகாட்டிப் பலகைகளில் இதன் எண் 592. பழைய வரைபடங்களில் 2.

மத்தியதரைக் கடலோரத்தில் நடப்பதற்கென்று பெயர்பெற்ற வழிகள் பல உண்டு. நீஸ் நகரத்துக் கடற்கரைச் சாலை உல்லாசமாக உலவுவதற்காக அமைக்கப்பட்டது. நீலப் பாதையை யாரும் அப்படிப் போடவில்லை. திராட்சைக் கொடிக்குப் போகவும், அறுத்த குலையைச் சுமந்து வரவும், அடுத்த ஊர்த் திருவிழாவுக்கோ திருமணத்துக்கோ போய்வரவும் மனிதரும் கோவேறு கழுதையும் மிதித்து உண்டானது அது. அதனால் இந்தப் பாதையைப் பற்றிப் பேசும்போது கடலை விடவும் மலையைப் பற்றியே அதிகம் பேச வேண்டியிருக்கிறது.

சுவர்கள்

இந்தக் கரையில் சமநிலம் என்று சொல்லத்தக்கது அநேகமாக இல்லை. ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் மக்கள் மலைச்சரிவை வெட்டி, படிப்படியாகத் தட்டுகள் அமைத்து, ஒவ்வொரு தட்டையும் ஒரு கற்சுவரால் தாங்கி, அதில் திராட்சையும் ஆலிவும் எலுமிச்சையும் வைத்தார்கள். கடலோரத்துப் பாறையிலிருந்து சில நூறு மீட்டர் உயரம் வரை இந்தத் தட்டுகள் ஏறிப் போகின்றன. சில தட்டுகளில் ஒரே ஒரு வரிசைக் கொடிக்குத்தான் இடம்.

சுவரில் சுண்ணாம்போ சிமென்டோ கிடையாது. அங்கேயே தோண்டும்போது கிடைக்கும் மணற்கல்லை எடுத்து, ஒவ்வொன்றையும் கையில் திருப்பிப் பார்த்து, பொருந்தும் முகத்தைக் கண்டுபிடித்து அடுக்குகிறார்கள். பெரிய கல் அடியில். மேலே போகப் போகச் சுவர் மலைப்பக்கமாகக் கொஞ்சம் சாய்ந்திருக்க வேண்டும். ஒரு கல்லின் இணைப்புக்கு நேர் மேலே இன்னோர் இணைப்பு வரக் கூடாது. வந்தால் அந்தக் கோட்டில் சுவர் பிளக்கும். சுவருக்கும் மண்ணுக்கும் நடுவில் சிறு கற்களைக் கொட்டி நிரப்புகிறார்கள். வேலையின் சூட்சுமம் அந்த நிரப்பில்தான் இருக்கிறது. மழைநீர் மண்ணில் இறங்கி, சிறு கற்களுக்கு வந்து, சுவரின் இடுக்குகள் வழியே கசிந்து வெளியேறிவிடும். சாந்து பூசிய சுவராக இருந்தால் நீர் உள்ளே தேங்கி, மண் ஊறிக் கனத்து, சுவரைத் தள்ளிவிடும். சாந்து இல்லாததுதான் இந்தச் சுவரின் பலம்.

ஆனால் இப்படிப்பட்ட சுவரைக் கட்டி முடித்துவிட்டோம் என்று யாரும் ஓய்ந்திருக்க முடியாது. ஒரு கல் நழுவும், ஒரு வேர் உள்ளே நுழையும், ஒரு பெருமழையில் நடுவில் வயிறு தள்ளும். உடனே இறக்கி மறுபடி அடுக்கினால் ஒரு நாள் வேலை. விட்டுவிட்டால் அடுத்த மழைக்கு அந்தத் தட்டின் மண் முழுதும் கீழ்த்தட்டில் கிடக்கும், கீழ்த்தட்டின் சுவரும் அந்தப் பாரத்தில் போகும். பெரும்பாலான இடங்களில் பாதை இந்தத் தட்டுகளின் குறுக்கேதான் ஓடுகிறது என்பதால், சுவர் போனால் வழியும் போனது.

கல் அடுக்கும் இந்தக் கலையை 2018இல் யுனெஸ்கோ தொட்டுணர முடியாத பண்பாட்டு மரபுகளின் பட்டியலில் சேர்த்தது. இத்தாலியோடு குரோவாசியா, சைப்பிரசு, பிரான்சு, கிரேக்கம், ஸ்லோவேனியா, ஸ்பெயின், சுவிட்சர்லாந்து ஆகியவை சேர்ந்து கேட்டுப் பெற்ற ஏற்பு அது. அதற்கு முன்பே, 1997இல், ஐந்து ஊர்களும் அருகிலுள்ள போர்தோவேனெரேயும் பால்மாரியா, தீனோ, தினெத்தோ தீவுகளும் உலகப் பாரம்பரியக் களமாக அறிவிக்கப்பட்டுவிட்டன. 1999இல் தேசியப் பூங்கா அமைந்தது. சுமார் 38 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அது இத்தாலியின் மிகச் சிறிய தேசியப் பூங்கா. காட்டையும் விலங்கையும் காப்பதற்கென்றே பூங்காக்களை அறிவித்துப் பழகிய உலகத்தில், மனிதக் கை கட்டிய சுவர்களைக் காப்பதையே தலையாய வேலையாகக் கொண்ட பூங்கா இது. அந்த ஒன்றுக்காகவே இதைத் தனித்துக் குறிப்பிட வேண்டும்.

ரயில் வந்த பிறகு

1874இல் ஜெனோவாவையும் லா ஸ்பெத்சியாவையும் இணைக்கும் ரயில்பாதை திறக்கப்பட்டது. அதுவரை படகும் கால்நடையுமே கதி என்றிருந்த ஊர்களில், சுரங்கம் விட்டுச் சுரங்கம் புகுந்து ரயில் வந்து நின்றது. லா ஸ்பெத்சியாவில் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன்தான் கடற்படைக்கான பெரும் ஆயுதசாலை திறக்கப்பட்டிருந்தது. மாதச் சம்பளம் கிடைக்கும் இடத்துக்கு ஆண்கள் போனார்கள். ஐரோப்பா முழுவதும் திராட்சை வேரைத் தின்றழித்த பிலோக்சரா பூச்சி 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கேயும் வந்தது. தட்டுகள் ஒவ்வொன்றாகக் கைவிடப்பட்டன. கொடி இருந்த இடத்தில் புதரும் பைன் மரமும் ஏறின. இன்று நீலப் பாதையில் நடப்பவர் காடு என்று எண்ணிக் கடந்துபோகும் பல இடங்களில், கொஞ்சம் நின்று பார்த்தால் செடிகளுக்கிடையில் பழைய சுவரின் வரிசை தெரியும்.

வந்த ரயிலே வெளியுலகத்தையும் கூட்டிவந்தது. ஆனால் புளோரன்சு ஓவியர் தெலேமாக்கோ சிஞ்ஞோரீனி ரயிலுக்கு முன்பே, 1860 முதலே, ரியோமஜ்ஜோரேக்கு வந்து வரைந்தவர். கவிஞர் எயுஜேனியோ மொந்தாலே சிறுவயதுக் கோடைகளை மோந்தெரோஸ்ஸோவில் தம் குடும்பத்து வீட்டில் கழித்தார். 1925இல் வெளிவந்த அவருடைய முதல் தொகுப்பில் இந்தக் கரையின் வெயிலும் கல்லும் வறண்ட சுவரும் நிறைந்து கிடக்கின்றன. 1975இல் நோபல் பரிசு பெற்றார்.

ஊரிலிருந்து ஊருக்கு

ரியோமஜ்ஜோரேக்கும் மனரோலாவுக்கும் இடையிலுள்ள ஒரு கிலோமீட்டர் வழிக்குத் தனிப்பெயர் உண்டு: வியா தெல்லாமோரே, காதல் பாதை. இது பழைய கழுதைப் பாதை அல்ல. 1920களில் ரயில்பாதை வேலைக்காக வெடிமருந்து தேவைப்பட்டது. அதை ஊருக்கு வெளியே வைக்க வேண்டும் என்று பாறையைக் குடைந்து கிடங்கு அமைத்தார்கள். கிடங்குக்குப் போக வழி செதுக்கினார்கள். பிறகு இரு ஊராரும் அந்த வழிகளைச் சேர்த்துவிட்டார்கள். இரண்டு ஊர் இளையோரும் மலையேறாமல் சந்திக்க ஓர் இடம் கிடைத்தது, பெயரும் ஒட்டிக்கொண்டது. ஏற்றமே இல்லாத, கடலுக்கு நேர் மேலே பாறையை ஒட்டிப் போகும் வழி.

மனரோலாவிலிருந்து கோர்னிலியா ஏறத்தாழ மூன்று கிலோமீட்டர். கோர்னிலியா மட்டும் மற்ற நான்கையும் போலக் கடலோரத்தில் இல்லை. சுமார் 100 மீட்டர் உயரத்துப் பாறை முனையில் உட்கார்ந்திருக்கிறது. துறையும் இல்லை, படகும் நிற்காது. ரயில் நிலையத்திலிருந்து ஊருக்குப் போக லார்தரீனா என்ற செங்கல் படிக்கட்டு இருக்கிறது. 33 வளைவுகள், 380க்கு நெருக்கமான படிகள். அதன் பக்கங்களில் திராட்சைத் தட்டுகளைப் பார்த்துக்கொண்டே ஏறலாம் என்பது மூச்சு வாங்குகிறவருக்குக் கொஞ்சம் ஆறுதல்.

கோர்னிலியாவிலிருந்து வெர்னாத்சா வரை நான்கு கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. வழியின் மிக உயர்ந்த இடமான ப்ரேவோ என்ற குக்கிராமம், கடலுக்கு 200 மீட்டருக்குச் சற்று மேலே, இந்தப் பகுதியில்தான் வருகிறது. நான்கு துண்டுகளில் எதை நடக்கலாம் என்று கேட்டால் இதையே சொல்ல வேண்டும். ஆலிவ் தோப்பு, கைவிட்ட தட்டு, உழைப்பில் இருக்கும் தட்டு என்று மூன்றும் மாறி மாறி வருவதால் இந்தக் கரையின் வரலாறு காலுக்கடியிலேயே விரிகிறது. மரம்போல வளரும் ஒருவகைக் கள்ளிச்செடி இங்கே ஏராளம்: கோடையில் இலையுதிர்த்து மொட்டையாக நிற்கும், இலையுதிர்கால மழைக்குத் துளிர்க்கும். வெர்னாத்சாவுக்கு இறங்கும்போது தோரியா கோட்டையின் வட்டக் கோபுரமும், கடலின் ஓரத்திலேயே நிற்கும் புனித மார்கரீத்தா தேவாலயமும், அவற்றுக்கிடையே சிறு துறையும் மேலிருந்து ஒரே பார்வையில் கிடைக்கின்றன. சிங்க்வே தெர்ரே என்றால் அஞ்சலட்டைகளில் பெரும்பாலும் இந்தக் காட்சிதான்.

வெர்னாத்சா – மோந்தெரோஸ்ஸோ வழி மூன்றரை கிலோமீட்டர். இரண்டு மணி நேரம் பிடிக்கும். கடினமானதும் இதுவே. சில இடங்களில் எதிரே ஒருவர் வந்தால் யாராவது ஒருவர் சுவரோடு ஒண்டி நிற்க வேண்டும். மோந்தெரோஸ்ஸோவில் மட்டும்தான் நீண்ட மணற்கடற்கரை உண்டு. எலுமிச்சைக்கும் உப்பிட்ட நெத்திலிக்கும் பெயர்பெற்ற ஊர்.

மழையும் பாறையும்

2011 அக்டோபர் 25 அன்று சில மணி நேரத்தில் கொட்டிய பேய்மழையில் மலை இளகி இறங்கியது. வெர்னாத்சாவின் நடுத்தெருவுக்கு அடியில் மூடிவிடப்பட்ட ஓடை, சேற்றையும் கல்லையும் வண்டிகளையும் அடித்துக்கொண்டு தெருவாகவே ஓடியது. தரைத்தளக் கடைகளும் வீடுகளும் சேற்றில் புதைந்தன. வெர்னாத்சாவில் மூவரும் மோந்தெரோஸ்ஸோவில் ஒருவரும் உயிரிழந்தார்கள். பின்னர் சரிவுகளை ஆராய்ந்தபோது ஒன்று தெளிவாகத் தெரிந்தது: அண்மைக் காலத்தில் கைவிடப்பட்ட தட்டுகளில்தான் சரிவு மிகுந்திருந்தது. பராமரிக்கும் கையும் அங்கே இல்லை, மண்ணைப் பிடிக்கும் அளவுக்கு மரமும் இன்னும் வளரவில்லை.

அடுத்த ஆண்டு, 2012 செப்டம்பர் 24 அன்று, காதல் பாதையில் பாறை விழுந்து நான்கு ஆஸ்திரேலியப் பெண் பயணிகள் காயமடைந்தார்கள். வழி மூடப்பட்டது. மலைமுகத்தில் வலை கட்டி, பாறையில் எஃகுக் கம்பி செருகி, தடுப்புகள் அமைத்து மறுபடி திறக்க ஏறக்குறைய 12 ஆண்டுகள் ஆயின. 2024 ஜூலை இறுதியில் திறப்பு விழா. முதலில் உள்ளூர் மக்கள் நடந்தார்கள், ஆகஸ்டில் வெளியூரார் அனுமதிக்கப்பட்டார்கள். இப்போது முன்பதிவும் தனிக் கட்டணமும் உண்டு. ஒரு கிலோமீட்டர் நடைவழிக்கு இத்தனை ஆண்டும் இத்தனை பொருளும் செலவானதை வீண் என்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் அதே அக்கறை மேலேயுள்ள திராட்சைத் தட்டுகளுக்கும் வேண்டும். 2019இல் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியோடு மனரோலாவுக்கு மேலேயுள்ள சரிவில் சுவர்களை மீட்டெடுக்கும் திட்டம் ஒன்றைப் பூங்கா நிர்வாகம் தொடங்கியது. அதுபோன்ற வேலைகள்தான் கீழே நடப்பவரின் தலையைக் காக்கின்றன.

விவசாயத்தில் மிச்சமிருப்பவர்கள் பிடிவாதக்காரர்கள். போஸ்கோ, அல்பரோலா, வெர்மெந்தீனோ என்ற மூன்று வகைத் திராட்சையிலிருந்து இங்கே வெள்ளை ஒயின் வடிக்கிறார்கள். அதே திராட்சையைப் பறித்து நிழலில் வாரக்கணக்கில் உலர்த்தி, சுருங்கிய பழத்தைக் காம்பு நீக்கிப் பிழிந்து செய்யும் இனிப்பு ஒயினுக்கு ஷாக்கெத்ரா என்று பெயர். அளவு மிகக் குறைவு, விலை அதிகம். முன்பு முதுகிலும் தலையிலும் ஏறிய சுமை, இப்போது சரிவில் அமைத்த ஒற்றைத் தண்டவாளத்தில் போகிறது: பற்சக்கரத்தால் பிடித்து ஏறும் சிறு இயந்திர வண்டி, அதன் பின்னால் கூடைகள் அடுக்கிய தட்டு. செப்டம்பரில் நடப்பவர் கொடிகளுக்கிடையே அதன் இரைச்சலைக் கேட்கலாம்.

நடக்கப் போகிறவருக்கு

ஐந்து ஊர்களிலும் சேர்ந்து ஏறத்தாழ நாலாயிரம் பேர்தான் வாழ்கிறார்கள். ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கும் மேற்பட்டோர் வந்துபோவதாக மதிப்பிடப்படுகிறது. அதனால் கட்டுப்பாடுகள் கூடிக்கொண்டே வருகின்றன. கோர்னிலியா – வெர்னாத்சா, வெர்னாத்சா – மோந்தெரோஸ்ஸோ துண்டுகளுக்குப் பூங்காவின் கட்டண அட்டை வேண்டும். கூட்டம் மிகுந்த நாட்களில் காலை வேளையில் மோந்தெரோஸ்ஸோவிலிருந்து வெர்னாத்சா நோக்கி மட்டும் நடக்கும் ஒருவழி முறையும் வந்திருக்கிறது. ரப்பர் செருப்புப் போட்டுக்கொண்டு மலைவழியில் ஏறினால் அபராதம். 2019இல் கொண்டுவந்தபோது அது 50 முதல் 2,500 யூரோ வரை என்று அறிவிக்கப்பட்டது. கடுமையாகத் தோன்றலாம், ஆனால் சறுக்கி விழுந்தவரைத் தோளில் சுமந்து இறக்குவது மீட்புப் பணியாளர்களின் தலையில்தான் விடிகிறது. கனமழை எச்சரிக்கை வந்தால் பாதை முழுதும் மூடப்படும்.

ஏப்ரல், மே மாதங்களும் செப்டம்பர் பிற்பகுதியும் நல்ல காலம். ஜூலை, ஆகஸ்டில் நிழலற்ற தட்டுகளில் வெயில் கொல்லும். ரயில் சில நிமிடங்களில் ஊருக்கு ஊர் சேர்த்துவிடுவதால், ஒரு துண்டு நடந்து மீதியை ரயிலில் முடிப்பது பலருக்கும் வசதி. கால்வலுவுள்ளவருக்கு மலைமுகடு வழியே லெவாந்தோவிலிருந்து போர்தோவேனெரே வரை 35 கிலோமீட்டருக்கு மேல் நீளும் உயர்வழியும் இருக்கிறது. ஒவ்வோர் ஊருக்கு மேலேயும் ஒரு மாதா கோயில் உண்டு. அதற்கு ஏறும் பழைய யாத்திரை வழிகளில் கூட்டம் குறைவு.

மனரோலா – கோர்னிலியா கடலோரத் துண்டு நிலச்சரிவால் 2010களின் தொடக்கத்திலிருந்து பல ஆண்டுகளாக மூடியே கிடக்கிறது. அதற்கு மாற்றாக மனரோலாவிலிருந்து வொலாஸ்த்ரா என்ற மேட்டூருக்கு ஏறி, அங்கிருந்து கோர்னிலியாவுக்கு இறங்கலாம். ஏற்றம் செங்குத்து. ஆனால் வொலாஸ்த்ராவைத் தாண்டியதும் வழி நேராகத் திராட்சைத் தட்டுகளுக்குள் நுழைந்து, பல இடங்களில் சுவரின் விளிம்பை ஒட்டியே போகிறது. இடப்பக்கம் கடல், வலப்பக்கம் தோள் உயரத்தில் அடுத்த தட்டின் கற்கள். நீலப் பாதையின் எந்தத் துண்டும் இதற்கு ஈடில்லை. இங்கே நடப்பவர் சுவரின் மேற்கல்லில் உட்காரவோ, அதில் கால் வைத்து மேல்தட்டுக்குத் தாவவோ கூடாது. மேற்கல் அசைந்தால் அடுத்த மழையில் அடிக்கல் வரை சேதம் இறங்கும், அதை அடுக்கித் தர ஆள் கிடைப்பது வரவர அரிதாகிக்கொண்டிருக்கிறது.