‘ஃபாப்’ என்னும் வசைச்சொல்

மில்பிடாஸில் வாழும் பெற்றோர் பலர் தம் பிள்ளைகளின் பேச்சில் ‘ஃபாப்’ என்னும் சொல்லைக் கேட்டிருப்பர். ‘படகிலிருந்து இப்போதுதான் இறங்கியவன்’ எனப் பொருள்படும் ஆங்கிலத் தொடரின் எஃப், ஓ, பி ஆகிய எழுத்துக்கள் சேர்ந்து பிறந்த கொச்சைச் சொல் இது. வணிகர் வழக்கிலோ இதே மூன்றெழுத்து, சரக்கைக் கப்பலில் ஏற்றும்வரை செலவும் பொறுப்பும் விற்பவரையே சாரும் என்னும் நிபந்தனையைக் குறிக்கும்.

உச்சரிப்பு, உடை, மதிய உணவின் மணம் ஆகியவற்றுள் ஒன்றே போதும், இப்பட்டம் கிடைத்துவிடும். விமானத்தில் வந்தவனும் ‘படகிலிருந்து இறங்கியவனே’! இச்சொல்லை வெள்ளையர் மட்டுமன்றி, முன்னே வந்த ஆசியரின் பிள்ளைகளும் தாராளமாக வழங்குகின்றனர். சீன அமெரிக்க நாடகாசிரியர் டேவிட் ஹென்றி ஹுவாங் இப்பெயரிலேயே ஒரு நாடகம் எழுதி, எமக்கு அண்மையிலுள்ள ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகத்தில் 1979இல் மேடையேற்றினார். அமெரிக்காவிற் பிறந்த சீன இளைஞன், புதிதாக வந்த சீனனை இகழ்வதை அந்நாடகம் காட்டுகிறது.

இத்தகைய வசை எமக்குப் புதிதன்று. இலங்கையில் ‘கள்ளத்தோணி’ என்ற சொல், முதலில் அனுமதியின்றிக் கடல்கடந்து வந்தோரையே குறித்தது. பின்னர், மண்டபம் முகாமிற் பரிசோதிக்கப்பட்டுத் தலைமன்னார் வழியே முறையாக வந்த தோட்டத் தொழிலாளரின் சந்ததியினர்மீதும் அது சுமத்தப்பட்டது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் ஏறத்தாழ 7 இலட்சம் மலையகத் தமிழரை நாடற்றோராக்கியது. 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தமோ 5,25,000 பேரை இந்தியாவுக்கென ஒதுக்கியது. அச்சட்டத்தை நியாயப்படுத்த அவ்வசைச்சொல் பெரிதும் உதவிற்று என்பதே எமது கருத்து. வடக்கிலும் எம்மவர் சிலர் அம்மக்களைத் ‘தோட்டக்காட்டான்’ என்று இகழ்ந்ததை மறைப்பதற்கில்லை.

1983க்குப் பின்னர் அதே மண்டபம் முகாமில் ஈழத்தமிழர் அகதிகளாய்த் தங்கினர். 1986 ஆகஸ்ட் மாதத்தில் 155 தமிழர் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் நியூபவுண்ட்லாந்துக் கரைக்கப்பால் தத்தளித்தபோது, கஸ் டால்ட்டன் என்னும் மீன்பிடிப் படகின் தலைவர் அவர்களைக் கண்டு காப்பாற்றினார். 2010இல் ‘சன் சீ’ கப்பல் 492 பேருடன் பிரிட்டிஷ் கொலம்பியாவை வந்தடைந்தது. ‘படகிலிருந்து இறங்கியவர்’ என்பது சொல்லளவில் முழுமையாகப் பொருந்துவது இவர்களுக்கே. கனேடிய அரசு, பெண்கள், குழந்தைகள் உட்பட ‘சன் சீ’ கப்பலில் வந்தோரை இறங்கியவுடன் தடுப்புக்காவலில் வைத்தது.