நோய் உடலியங்கியல் கற்பித்தல்

நோய் உடலியங்கியல் என்பது, நோயுற்ற தேகத்தில் இயல்பான தொழில்கள் எவ்வாறு பிறழ்கின்றன என்பதையும், அப்பிறழ்வுகளிலிருந்து நோயாளி உணரும் உபாதைகளும் பிறர் காணும் குறிகளும் எவ்விதம் தோன்றுகின்றன என்பதையும் காரண காரிய முறையில் ஆராயும் சாஸ்திரமாகும். மருத்துவ மாணவர்களுக்கு மட்டுமன்றி, செவிலியம், இயன்முறை மருத்துவம், மருந்தாக்கவியல் முதலிய துறைகளில் இளநிலைப் பட்டம் பயில்வோருக்கும் இது பாடமாக உள்ளது. உடற்கூற்றியலும் உடலியங்கியலும் பயின்ற பின்னரே பெரும்பாலும் இதனைத் தொடங்குவர்.

இத்துறையின் வரலாறு, அதனைக் கற்பிக்கும் முறைக்கும் வழிகாட்டுகிறது. பாதுவா நகரத்து மொர்காக்னி, இறந்தோர் உடலை அறுத்து நோயின் இருப்பிடத்தை உறுப்புகளில் தேடி, கண்டவற்றை 1761-ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். 1847-இல் பெர்லினில் பிர்கோ தொடங்கிய ஆய்விதழோ, நோயுற்ற அமைப்போடு நோயுற்ற இயக்கத்தையும் தன் பெயரிலேயே தாங்கி வந்தது. உடலின் உட்சூழல் மாறாது காக்கப்படுதலே சீவனுக்கு ஆதாரம் என்ற கருத்தைப் பிரான்சின் கிளாட் பெர்னார் நிலைநாட்டினார். அக்கருத்தை விரித்து அதற்கு ‘ஹோமியோஸ்டேசிஸ்’ என்று பெயரிட்டவர் அமெரிக்கராகிய வால்டர் கேனன். இந்தக் கேனனே, ஹார்வர்டில் மாணவராக இருந்தபோது, சட்டக் கல்லூரியில் வழக்குகளைக் கொண்டு பாடம் நடத்துவதுபோல மருத்துவத்தையும் நோயாளிகளின் சரித்திரங்களைக் கொண்டு கற்பிக்க வேண்டுமென்று 1900-இல் எழுதினார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. 1969-இல் கனடாவின் மக்மாஸ்டர் பல்கலைக்கழகம், ஒரு பிரச்சினையை முன்வைத்து மாணவர் சிறு குழுக்களாகத் தாமே காரணம் தேடும் முறையில் மருத்துவப் படிப்பைத் தொடங்கிற்று.

கற்பித்தலின் உயிர்நிலை, குறிகளை அடுக்கி ஒப்புவிக்கச் செய்வதில் இல்லை. ஒவ்வொரு குறிக்கும் ‘ஏன்’ என்ற வினாவை எழுப்பி, விடையை இயக்கத்தில் தேடச் செய்வதிலேயே இருக்கிறது. வீக்கம் என்னும் ஒரு குறியே இதற்குப் போதிய திருஷ்டாந்தமாகும். நோயாளியின் கணைக்காலில், எலும்பின் மேல் கட்டைவிரலால் சில விநாடிகள் அழுத்தி எடுத்தால், அவ்விடத்துக் குழி உடனே மேலெழாமல் நிற்கும். நுண்குழாய்க்குள் இரத்தத்தின் அழுத்தம் நீரை வெளியே தள்ளுகிறது என்றும், இரத்தப் புரதங்கள் அதனை உள்ளே இழுத்து நிறுத்துகின்றன என்றும் இங்கிலாந்தின் ஸ்டார்லிங் 1896-இல் விளக்கிய தத்துவத்தை மாணவன் அறிந்திருந்தால், அந்தக் குழியிலிருந்து பல திசைகளில் அவன் தானே நடந்து செல்ல முடியும். இதயம் தளர்ந்து சிரைகளில் அழுத்தம் ஏறியதா? சிறுநீரகத்தின் வழியே நாளொன்றுக்கு 3.5 கிராமுக்கு மேல் புரதம் ஒழுகிப் போகிறதா? இரத்தப் புரதமாகிய அல்புமினை ஆக்கவேண்டிய கல்லீரல் சுருங்கிவிட்டதா? யானைக்காலில் போல நிணநீர்ப் பாதை அடைபட்டதா? இறுதியிற் கூறியதில், நோய் முற்றியபின் திசு தடித்துக் கடினமாவதால் குழியே விழாமற் போவதுண்டு. அதன் காரணத்தை வினவுவதும் நல்ல பாடமே.

மாணவரிடம் வேரூன்றும் பிழைகளுள் முதன்மையானது, உடலுக்கு ஒரு நோக்கத்தைக் கற்பித்து அதனையே காரணமாகக் கொள்வது. ‘உடலுக்கு நீர் வேண்டும், ஆகவே சிறுநீரகம் நீரைத் தேக்குகிறது’ என்று எழுதும் மாணவன் எதையும் விளக்கியவன் அல்லன். இதயம் தளர்ந்தவனின் சிறுநீரகம், தன்னிடம் வரும் இரத்தம் குறைந்ததை மட்டுமே உணர்கிறது; இரத்தம் சிந்தியவனிடத்தில் எவ்வாறு ரெனின் என்னும் நொதியைச் சுரக்குமோ அவ்வாறே இங்கும் சுரந்து, உப்பையும் நீரையும் தேக்குகிறது. ஒருவனைக் காப்பாற்றும் அதே ஏற்பாடு மற்றொருவனின் மூச்சை முட்டச் செய்கிறது. இந்த ஓரிடத்தில் ஒரு வகுப்பு முழுவதையும் செலவிட்டாலும் அது வீண்காலம் ஆகாது என்பது என் துணிபு.

தமிழில் இதனைக் கற்பிக்க இயலுமா என்ற ஐயம் புதிதன்று. யாழ்ப்பாணத்து மானிப்பாயில் அமெரிக்க மிஷன் வைத்தியரான சாமுவேல் பிஸ்க் கிரீன், 1864 முதல் மேனாட்டு வைத்தியத்தைத் தமிழிலேயே போதித்து, உடலியங்கியலுக்குச் ‘சுகரணம்’ என்ற சொல்லையும் வழங்கினார். இன்று ஆங்கிலப் பாடநூலை ஓதும் மாணவியிடம், காரணத் தொடரைத் தன் தாய்மொழியில் ஒருமுறை சொல்லச் சொன்னால், எந்தக் கண்ணியில் அவள் அறிவு அறுந்திருக்கிறது என்பது உடனே வெளிப்படும்.

தேர்வு வினாவும் காரணம் தேடும் இப்போக்கிலேயே அமைதல் வேண்டும். ‘இதயத் தளர்ச்சியின் அறிகுறிகள் யாவை’ என்று கேட்பதற்குப் பதிலாக இவ்வாறு கேட்கலாம்: இதயத் தளர்ச்சியுள்ள முதியவர் ஒருவர் இரண்டு நாளில் 2 கிலோ எடை கூடியுள்ளார், காலில் அழுத்தினால் குழி விழவில்லை, செவிலியாகிய நீ மருத்துவருக்கு அறிவிப்பாயா, ஏன்? ஒரு லிட்டர் நீர் ஏறத்தாழ ஒரு கிலோ என்பதும், திசுக்களில் சில லிட்டர் தேங்கும்வரை விரலுக்குக் குழி புலப்படாமல் இருக்கலாம் என்பதும் தெரிந்தவள், நாள்தோறும் காலையில், சிறுநீர் கழித்த பின், உணவுக்கு முன், அதே தராசில் எடை பார்க்குமாறு நோயாளிக்குச் சொல்வதன் பொருளை உணர்ந்து, அறிவிப்பேன் என்றே எழுதுவாள்.