குளம் தொட்டவர் யார்? தாய்லாந்து உல்லாச விடுதியின் வரலாறு குறித்து

தாய்லாந்தின் வெப்பமண்டல உல்லாச விடுதிகளில் தங்கச் செல்வோருக்கு மூன்று பொருள்கள் விற்கப்படுகின்றன: கை படாத இயற்கை, காலத்தால் மாறாத மருத்துவக் கலை, ஆள் அரவமற்ற கடற்கரை. விளம்பரத் தாள்களில் இம்மூன்றும் வரலாற்றுக்கு அப்பாற்பட்டவைபோலத் தோன்றும். ஆயின் மூன்றுக்கும் ஆண்டுக் கணக்கு உண்டு. அந்தக் கணக்கும் பெரும்பாலும் ஒரு நூற்றாண்டுக்குள் அடங்கிவிடும். 2023 நவம்பரில் இந்தியர்களுக்கு விசா விலக்கு அளிக்கப்பட்ட பின்னர், 2024இல் மட்டும் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட இந்தியர்கள் அந்நாட்டுக்குச் சென்றனர். திருமணம், விடுமுறை, கருத்தரங்கு எனக் காரணங்கள் பல. நம் துறையினரும் அவர்களுள் அடங்குவர். ஆகவே தங்கும் இடத்தையே ஓர் ஆவணமாக வாசிப்பது எவ்வாறு என்பதை இப்பதிவில் சுருக்கமாக எழுதிப் பார்க்கிறேன்.

முதலில் கட்டடம். தாய்லாந்தின் கடற்கரை விடுதி மரபு ஹுவா ஹின் என்னும் ஊரில் தொடங்குகிறது. தென் தொடர்வண்டிப் பாதை 1911இல் அவ்வூரை எட்டியது. 1918இல் அது பிரித்தானிய மலாயாவின் பாதையோடு இணைந்தது. சயாம் அரச ரயில்வேயின் தலைவராக இருந்த இளவரசர் புரசத்ரர் அங்கு விடுதி ஒன்றையும் குழிப்பந்துத் திடல் ஒன்றையும் அமைக்க முனைந்தார். இத்தாலியக் கட்டடக் கலைஞர் ஒருவரின் வரைபடத்தின்படி எழுந்த ரயில்வே விடுதி 1923இல் திறக்கப்பட்டது. அரச குடும்பமும் அதே கரையில் அரண்மனை கட்டிக்கொண்டது. 'கவலைகளுக்கு அப்பால்' எனப் பொருள்படும் கிளாய் காங்வோன் என்பது அதன் பெயர். 1932 ஜூன் 24 அன்று பாங்காக்கில் முடியாட்சியின் முழு அதிகாரத்தை முடிவுக்குக் கொண்டுவந்த புரட்சி நிகழ்ந்தபோது, ஏழாம் இராமர் அந்த அரண்மனையில்தான் ஓய்வில் இருந்தார்.

இன்று அந்த ரயில்வே விடுதியின் மரத் தாழ்வாரங்களும் மின்விசிறிகளும் 'காலனியக் கால அழகு' என்று பாராட்டப்படுகின்றன. தாய்லாந்து எந்த ஐரோப்பிய அரசின் நேரடி ஆட்சிக்கும் உட்பட்டதில்லை. அவ்விடுதியைக் கட்டியது சயாம் அரசே. தன் நாடும் நாகரிக நாடுகளுள் ஒன்று என்பதைத் தொடர்வண்டி, குழிப்பந்து, கடல் நீராட்டு ஆகியவற்றின் வழியாக நிறுவ முயன்ற ஓர் அரசின் செயல் அது. 1984இல் வெளிவந்த 'தி கில்லிங் ஃபீல்ட்ஸ்' திரைப்படத்தில் இதே கட்டடம் புனோம் பென் நகரத்து விடுதியாக நடித்தது. பிரெஞ்சு ஆட்சிக்கு உட்பட்டிருந்த ஊருக்கு, அவ்வாறு உட்படாத ஊரின் கட்டடம் எளிதில் பொருந்திற்று. 'காலனிய அழகு' என்பது வரலாற்றுச் செய்தியாக இல்லாமல் வணிகப் பாணியாக ஆகிவிட்டதற்கு இது நல்ல சான்று.

இரண்டாவது, பயணியரின் எண்ணிக்கை. 1960இல் தாய்லாந்து அரசு சுற்றுலாவுக்கென ஓர் அமைப்பை நிறுவியபோது, அந்நாட்டுக்கு வந்த அயல்நாட்டவர் ஏறத்தாழ 81 ஆயிரம் பேர். 2019இல் அத்தொகை ஏறத்தாழ 4 கோடி. இடையில் நிகழ்ந்தது வியத்நாம் போர். 1967இல் அமெரிக்கப் படையினருக்கு ஓய்வும் கேளிக்கையும் அளிக்கும் உடன்பாடு ஏற்பட்டது. 1960களின் இறுதியில் ஏறத்தாழ 50 ஆயிரம் அமெரிக்கப் படையினர் தாய் மண்ணிலேயே நிலைகொண்டிருந்தனர். பத்தாயா என்னும் மீனவர் குப்பம் இக்காலத்தில்தான் நகரமானது. 1966இல் இயற்றப்பட்ட கேளிக்கையிடச் சட்டம், பணிப்பெண்களுடன் கூடிய குளியல், நீராவி, உடற்பிடிப்பு நிலையங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. மசாஜ் என்னும் சொல்லின் மீது படிந்த கறை அக்காலத்தது. பின்னாளில் ஸ்பா என்னும் ஐரோப்பியச் சொல் ஏன் தேவைப்பட்டது என்பதற்கான விடையின் ஒரு பகுதி இங்கே இருக்கிறது.

மூன்றாவது, விடுதியின் நீர்நிலைகள். புக்கெட் தீவு நூற்றாண்டுக்கும் மேலாக வெள்ளீயத்தால் வாழ்ந்த நிலம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஹொக்கியன் சீனத் தொழிலாளர்கள் பெருந்தொகையாக வந்து சுரங்கங்களில் உழைத்தனர். 1907இல் ஆஸ்திரேலியரான எட்வர்ட் மைல்ஸ், கடலடி மண்ணை வாளித் தொடரால் அள்ளும் கப்பலைத் தொங்கா விரிகுடாவில் இறக்கினார். நிலமும் கடலும் ஒருசேரத் தோண்டப்பட்டன. 1985 அக்டோபரில் உலக வெள்ளீயக் கழகம் கடனைத் தீர்க்க இயலாமல் வீழ்ந்தது. இலண்டன் உலோகச் சந்தை வெள்ளீய வணிகத்தையே நிறுத்தி வைத்தது. விலை ஏறத்தாழப் பாதியாகச் சரிந்தது. அடுத்த ஆண்டு, 1986 ஜூன் 23 அன்று, வெள்ளீயக் கசட்டிலிருந்து டாண்டலம் பிரித்தெடுக்கவிருந்த தொழிற்சாலையைப் புக்கெட் மக்கள் பெருந்திரளாகக் கூடி எதிர்த்தனர். அத்தொழிற்சாலை இயங்கத் தொடங்கும் முன்னரே எரிந்துபோயிற்று. மாசு குறித்த அச்சமும், அப்போது வளரத் தொடங்கியிருந்த சுற்றுலாவுக்குக் கேடு வரும் என்ற கவலையும் அவ்வெழுச்சியில் கலந்திருந்தன. கனிமத்தால் வாழ்ந்த தீவு கடற்கரையால் வாழும் தீவாக மாறிய காலத்தைக் குறிக்க வேண்டுமாயின், அந்த ஓராண்டு இடைவெளியையே குறிக்கலாம்.

அத்தீவின் பாங் தாவ் விரிகுடாவில், கைவிடப்பட்ட வெள்ளீயச் சுரங்க நிலத்தைச் சிங்கப்பூர்த் தொழிலதிபர் ஹோ குவோன் பிங்கின் குடும்பத்தினர் 1984இல் வாங்கினர். நிலத்திலிருந்த குழிகளில் தேங்கிய நீர் அழகிய நீல நிறத்தில் இருந்தது. அந்நீலம் சுரங்கக் கழிவு நீரின் நிறம் என்பது பின்னரே தெரியவந்தது. மண்ணை மாற்றி, ஆயிரக்கணக்கான மரங்களை நட்டு, நீரைச் சீர்ப்படுத்தினர். 1987இல் அங்கு முதல் விடுதி திறக்கப்பட்டது. தாய்லாந்து அரசு 'தாய்லாந்துக்கு வருக' ஆண்டாக அறிவித்ததும் அவ்வாண்டையே. எஞ்சியிருந்த ஒரு மனைக்குக் கடல் முகப்பு இல்லை. அக்குறையை ஈடுசெய்ய ஒவ்வொரு வீட்டுக்கும் தனி நீச்சல் குளமும், தோட்டத்து மண்டபங்களில் உடற்பிடிப்பும் வழங்கும் திட்டம் உருவாயிற்று. 1994இல் திறக்கப்பட்ட பேன்யன் ட்ரீ விடுதி அதுவே. மறு ஆண்டு, முன்னாள் துணைப் பிரதமர் பூன்ச்சு ரோஜனஸ்தியன் ஹுவா ஹின்னில் சிவா-சோம் என்னும் உடல்நல விடுதியைத் திறந்தார். வெப்பமண்டலத் தோட்ட ஸ்பா இன்று பழங்காலத்து மரபுபோலத் தோன்றலாம். அதன் பிறப்பில் கடல் முகப்பில்லாத ஒரு மனையின் பொருளியல் சிக்கலுக்கும் பங்குண்டு.

இதைக் குறைகூறலாக எழுதவில்லை. நஞ்சேறிய நிலத்தை மீட்டெடுத்தது பெரும்பணி. ஆனால் 'கை படாத இயற்கை' என்று அதை அழைக்கும்போது, அந்நிலத்தைத் தோண்டியவரின் உழைப்பும் மீட்டவரின் உழைப்பும் ஒருங்கே மறைந்துபோகின்றன.

நான்காவது, கை. விடுதியில் உடற்பிடிப்பு செய்யும் பெண் தொடங்குமுன் கைகூப்பி வணங்குவதைப் பலர் கண்டிருப்பர். அவ்வணக்கம் புத்தரின் மருத்துவராகப் போற்றப்படும் சீவகருக்கு உரியது. தாய் மொழியில் அவர் சிவகோ கோமாரபட். உடலில் ஓடுவதாகக் கருதப்படும் பத்து 'சென்' வழிகளைப் பற்றியே அக்கலை பேசுகிறது. அவற்றுள் முதல் மூன்றின் பெயர்கள் இத்தா, பிங்கலா, சுமனா. சித்த மருத்துவ நூல்களின் தச நாடிகளை அறிந்தோர் இடகலை, பிங்கலை, சுழுமுனை ஆகியவற்றை உடனே நினைவுகூர்வர். இங்கே எச்சரிக்கை தேவை. பெயர் ஒற்றுமையைக் கொண்டு 'எல்லாம் இங்கிருந்தே சென்றது' என்று முடிப்பது எளிது, அது ஆய்வாகாது. கலைச்சொற்கள் பயணம் செய்வது ஒன்று, கைத்திறன் பயணம் செய்வது வேறொன்று. தாய் உழவர் சிற்றூர்களில், வயல்வேலையால் தசை நொந்தவர்கள் நாடிச்சென்ற உள்ளூர் உடற்பிடிப்பாளர்களின் அனுபவத்தில்தான் இக்கலை வேரூன்றியிருந்தது.

பாங்காக்கின் வாட் போ கோயிலில், மூன்றாம் இராமர் காலத்தில், 1831க்கும் 1841க்கும் இடையே, மருத்துவம் உள்ளிட்ட பல துறை அறிவைக் கல்லில் பொறித்து வைத்தனர். உடற்பிடிப்புக்குரிய புள்ளிகளைக் காட்டும் மனித உருவப் படங்கள் அவற்றுள் அடங்கும். கோயிலுக்கு வரும் எவரும் படித்துப் பயன்பெறத்தக்க பொது ஆவணமாக அது அமைந்தது. 1923இல் வந்த மருத்துவச் சட்டம் மரபு மருத்துவர்களை அரசின் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்து ஒடுக்கியது. 1955இல் வாட் போவில் மரபு மருத்துவப் பள்ளி தொடங்கியது. 1999இல் மரபு மருத்துவ அறிவைக் காக்கத் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. 2011இல் அக்கல்வெட்டுகள் யுனெஸ்கோவின் உலக நினைவுப் பதிவேட்டிலும், 2019இல் நுவாட் தாய் என்னும் அக்கலை மானுடப் பண்பாட்டு மரபுப் பட்டியலிலும் இடம்பெற்றன. ஒடுக்கப்பட்ட அறிவு, ஐயத்துக்குரிய தொழில், பெருமைக்குரிய மரபு என்னும் மூன்று நிலைகளையும் அது ஒரே நூற்றாண்டில் கடந்து வந்திருக்கிறது. 'காலத்தால் மாறாத கலை' என்னும் தொடர், அக்கலைக்காகப் போராடியவர்களுக்கு நீதி செய்வதாகாது.

ஐந்தாவதாக, கரை. 1954இன் நிலச் சட்டம், நிலத்தை அனுபவித்து வந்தவர்கள் 180 நாள்களுக்குள் தம் உரிமையை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்றது. கடலை நம்பி வாழ்ந்த உராக் லாவோய் போன்ற மக்களுக்கு அத்தகைய எழுத்து வழக்கம் இல்லை. புக்கெட்டின் தென்முனையிலுள்ள ராவாய் கரையில் அவர்கள் நெடுங்காலமாக வாழ்கின்றனர். அந்நிலத்துக்கான பத்திரமோ பிறர் பெயரில் எழுந்தது. 2016 ஜனவரியில் அங்கு மோதலே நிகழ்ந்தது. தம் வாழ்விடத்தை மெய்ப்பிக்க அம்மக்கள் தரப்பில் முன்வைக்கப்பட்ட சான்றுகள் வரலாற்று மாணவர் ஒவ்வொருவரும் அறியத்தக்கவை: 1959இல் அரசர் அங்கு வந்தபோது எடுக்கப்பட்ட படங்கள், பள்ளிப் பதிவுகள், முன்னோர் எலும்புகளின் மரபணுச் சோதனை. 2017இல் ஒரு வழக்கில் புக்கெட் நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. ஏனைய வழக்குகள் தனித்தனியே தொடர்ந்தன. பத்திரம் இல்லாதவர் தம் மூதாதையரின் எலும்பைத் தோண்டிக் காட்ட வேண்டியிருந்தது.

வடக்கே, காவ் லாக் விடுதிகள் வரிசையாக நிற்கும் கரை தகுவாபா வட்டத்தைச் சேர்ந்தது. 2004 ஆழிப்பேரலையில் தாய்லாந்தில் இறந்த 5,300க்கும் மேற்பட்டோரில் பெரும்பகுதியினர் இப்பகுதியில் மாண்டனர். இறந்தோரில் ஏறத்தாழப் பாதியினர் அயல்நாட்டவர். அதே வட்டத்தில் பான் நாம் கெம் என்னும் ஊர் உள்ளது. வெள்ளீயச் சுரங்கத்துக்கு வந்த தொழிலாளர்கள், சுரங்கம் ஓய்ந்த பின் மீன்பிடித்து வாழ்ந்த ஊர் அது. அலை வடிந்ததும், உயிர் பிழைத்தவர் சிலர் தம் வீட்டு மனைக்குத் திரும்பியபோது, பழைய சுரங்க நிலத்தின் உரிமை எமதே என்று ஒரு நிறுவனம் தடுத்தது. மக்கள் தடையை மீறி உள்ளே சென்று, இறந்தோரின் உடல்களைத் தேடினர். அங்கேயே வீடுகளையும் எழுப்பினர்.

தகுவாபா என்னும் பெயர் தமிழ் ஆய்வாளர்களுக்குப் புதிதன்று. அங்குக் கண்டெடுக்கப்பட்ட ஒன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டை நாம் மாணவர்களுக்குக் கற்பிக்கிறோம். சிதைந்த சில வரிகளே எஞ்சியுள்ளன. நாங்கூரைச் சேர்ந்தவர் என்று படிக்கப்படும் ஒருவர் ஒரு குளம் தொட்டார். அதன் பெயர் அவனிநாரணம். மணிக்கிராமத்தாருக்கும் சேனாமுகத்தாருக்கும் அது அடைக்கலம். கடல் கடந்த தமிழர் பெருமைக்குச் சான்றாக மட்டுமே இக்கல்வெட்டை மேடைகளில் எடுத்துக்காட்டுவது வழக்கமாகிவிட்டது. அதன் அமைப்பைக் கவனியுங்கள். குளத்தைத் தொட்டவர் யார், அதன் பெயர் என்ன, அதைக் காப்பவர் யார் என்னும் மூன்று செய்திகளையும் அச்சிறு கல் சொல்லிவிடுகிறது. நீர்நிலை ஒன்றைப் பற்றி வரலாறு கேட்க வேண்டிய வினாக்களும் அவையே.

அதே கடற்கரைப் பகுதியில், வெள்ளீயக் கூலிகள் தோண்டிய குழிகளில் இன்று நீர் நிறைந்திருக்கிறது, அல்லி பூத்திருக்கிறது, அதன் ஓரத்தில் விருந்தினர் இளைப்பாறுகின்றனர். அங்கு இளைப்பாறுவதில் தவறேதும் இல்லை. உடலுக்கு ஓய்வு வேண்டும். ஆனால் அந்தக் குழிகளுக்கு அத்தகைய கல் எதுவும் இல்லை. அவற்றைத் தோண்டியவர்களின் வழித்தோன்றல்கள் தம் மனைக்கு உரிமை கேட்டு நிற்கும்போது, அந்த இன்மை அவர்களுக்கு எதிரான சாட்சியாகிவிடுகிறது.

ஆய்வு மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை கருத்தரங்கின் பொருட்டு இத்தகைய விடுதியில் தங்க நேர்ந்தால், மூன்று வினாக்களை அங்குள்ள பணியாளரிடமும் ஊர்ப் பெரியவர்களிடமும் கேட்டுப் பாருங்கள். இந்த நீர்நிலை எப்போது, யாரால் தோண்டப்பட்டது? இந்தக் கரையில் விடுதிக்கு முன் யார் வாழ்ந்தனர்? அவர்கள் இப்போது எங்கே உள்ளனர்? தாய்லாந்துக்கு மட்டுமன்றி, கோவளம், கோவா, அந்தமான் கரைகளுக்கும் இவ்வினாக்கள் பொருந்தும். கிடைக்கும் விடைகளைத் தேதியிட்டு எழுதி வையுங்கள். என்றேனும் ஒரு நீதிமன்றத்தில் அக்குறிப்பு ஒருவருக்குப் பயன்படக்கூடும்.