வெடித்த உருளைகள்: கோல்ட் ரிவால்வரின் பிணிக்குறிப்பு

மேற்கத்தியக் கௌபாய்த் திரைப்படங்களில் ரிவால்வர் பழுதடைவதே இல்லை. தூசிக்கும் மழைக்கும் அஞ்சாமல், எண்ணிக்கைக்குக் கட்டுப்படாமல் அது வெடித்துக்கொண்டே இருக்கும். சாமுவேல் கோல்ட்டின் கருவிகளை அவற்றின் வெற்றிகளை ஒதுக்கிவிட்டுப் பழுதுகளின் வழியே வாசிக்கப் புகுந்தால் நமக்கு வேறொரு வரலாறு கிடைக்கிறது. அதில் காப்புரிமை பெற்றவரைவிட, குதிரைமேல் அமர்ந்தபடி தன் துப்பாக்கியைத் தோல்வாரால் இறுக்கிக் கட்டிக்கொண்ட பெயரற்ற வீரனுக்கே பெரிய இடம் உண்டு என்பது எம் எண்ணம்.

கோல்ட் 1836-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்று நியூ ஜெர்சியின் பாட்டர்சன் நகரில் தொழிற்சாலை தொடங்கினார். அங்கு உருவான கைத்துப்பாக்கி ஐந்து அறைகள் கொண்டது. அதன் விசை சட்டகத்துக்குள் ஒளிந்திருக்கும்; சுத்தியை இழுத்தால்தான் வெளியே தலைகாட்டும். அழகான ஏற்பாடுதான். ஆனால் ஐந்தும் தீர்ந்தபின் மீண்டும் நிரப்ப, முதலில் வந்தவற்றில் குழலையே கழற்ற வேண்டியிருந்தது. பாயும் குதிரையின் மேல் கழற்றிய குழல் கைதவறினால் கருவியே போயிற்று. 1842-இல் அந்நிறுவனம் மூடப்பட்டதில் வியப்பில்லை.

ஆயினும் டெக்சாஸ் ரேஞ்சர்கள் அதைக் கைவிடவில்லை. அதுவரை ஒற்றை வெடித் துப்பாக்கி வைத்திருந்தவர்களைக் கமாஞ்சே வில்லாளிகள் எளிதில் வென்றார்கள். முதல் வெடி தீரும்வரை காத்திருந்து, மறுபடி நிரப்பும் இடைவெளியில் அம்பு மழை பொழிவது அவர்களது போர்முறை. 1844 ஜூனில் ஜாக் ஹேஸின் தலைமையில் ஏறத்தாழ 15 ரேஞ்சர்கள், தம்மைவிடப் பன்மடங்கு பெரிய கமாஞ்சே படையைப் பாட்டர்சன் ரிவால்வர்களால் முறியடித்தனர். தம் நிலத்தைக் காக்க நின்றவர்களின் நெடுங்கால உத்தி ஒரு பிற்பகலில் காலாவதியானது. இதை வெறும் பொறியியல் சாதனையாக எழுதிச் செல்வோரோடு நமக்கு உடன்பாடில்லை.

அச்சண்டையில் படுகாயமுற்றுப் பிழைத்த சாமுவேல் வாக்கர், பின்னர் கோல்ட்டுடன் சேர்ந்து புதிய ரிவால்வர் ஒன்றை வடிவமைத்தார். கோல்ட்டிடம் அப்போது தொழிற்சாலை இல்லை. எலை விட்னி ஜூனியரின் கனெக்டிகட் பட்டறையில் 1847-இல் படைக்கென 1000 செய்யப்பட்டன. ஆறு அறைகள், 9 அங்குலக் குழல், 2 கிலோவைத் தொடும் எடை. ஓர் அறையில் 60 கிரெய்ன் கருமருந்து கொள்ளும்.

இந்த 60 கிரெய்ன்தான் வினையாயிற்று. அக்கால இரும்பு அந்த அழுத்தத்தைத் தாங்கவில்லை; உருளைகள் வெடித்துப் பிளந்தன. கூம்பு வடிவக் குண்டைச் சிலர் தலைகீழாகத் திணித்ததும் ஒரு காரணமாகச் சொல்லப்படுகிறது. இன்னொரு பிணியும் இருந்தது. குண்டை அழுத்தித் திணிக்கும் நெம்புகோல் குழலின் அடியில் ஒரு சிறு வில்பிடியால் மட்டுமே நின்றது. வெடியின் உதைப்பில் பிடி நழுவி நெம்புகோல் தொங்கும். அதன் முனை உருளை அறைக்குள் நுழைந்துவிடும். பிறகு உருளை சுழலாது. எதிரி எதிரே நிற்கையில் இது நேர்ந்தால் என்னாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. வீரர்கள் கண்ட மருந்து எளியது: நெம்புகோலைக் குழலோடு சேர்த்துத் தோல்வாரால் ஒரு சுற்று. 1848-இன் டிரகூன் ரிவால்வரில் நெம்புகோலின் நுனியிலேயே உறுதியான பிடி வந்தது, உருளை குறுகி மருந்து ஏறத்தாழ 50 கிரெய்னாகக் குறைந்தது, குழலும் 7.5 அங்குலமாயிற்று. வாக்கர் இவற்றைப் பார்க்கவில்லை. கோல்ட் அனுப்பிய ஒரு ஜோடி கைக்குக் கிடைத்துச் சில நாட்களிலேயே, 1847 அக்டோபர் 9 அன்று, மெக்சிகோவின் வாமான்ட்லாவில் அவர் கொல்லப்பட்டார்.

திருத்த முடியாத பிணிகளும் இருந்தன. ஒவ்வொரு அறையின் பின்னும் ஒரு செப்புக் கேப்பு செருகப்படும் (நம் தீபாவளிக் கேப்பின் மூதாதை). வெடித்ததும் அது சிதறி, துண்டுகள் சுத்தியின் இடுக்கில் விழுந்து பொறியை முடக்கும். ஆகவே பழகிய கைகள் சுத்தியை இழுக்கையில் குழலை வானோக்கி உயர்த்தி, துண்டுகளை உதறிவிடும். திரையில் மிடுக்காகத் தோன்றும் அந்த அசைவு, மெய்யாகவே பழுதுநீக்கம்தான்! தொடர்வெடி இன்னும் கொடியது: ஓர் அறையின் தீ அண்டை அறைகளுக்கும் தாவிவிடும். குண்டின்மேல் கொழுப்புப் பூசுவது வழக்கமான தடுப்பு. தீ முன்புறமாகத் தாவுகிறதா, பின்னால் தளர்ந்த கேப்பின் வழியாகவா என்று பழந்துப்பாக்கி ஆர்வலர்கள் இன்றும் வழக்காடுகிறார்கள். இரண்டும் நேரக்கூடியவை என்றே நாம் கருதுகிறோம்.

கோல்ட்டின் குழலைச் சட்டகத்தோடு பிணைப்பது ஓர் ஆப்பு மட்டுமே. அதை ஆழ அறைந்தால் உருளை இறுகும். தளரவிட்டால் இடைவெளி விரியும். 1858-ஆம் ஆண்டுக் காப்புரிமையையொட்டி வந்த ரெமிங்டன், மேற்பட்டையும் சேர்ந்த ஒரே சட்டகத்தால் இதைத் தீர்த்தது. ஆனால் அதன் மெல்லிய அச்சில் கரி படிந்து உருளை விரைவில் இறுகிக்கொண்டது. ஒன்றைச் சரிசெய்ய மற்றொன்று முளைத்தது.

உருளையைத் தள்ளும் பற்கொக்கி தேய்ந்தால் அறை குழலுக்கு நேரே வந்து நிற்காது. ஈயம் சீவப்பட்டு இடைவெளியில் தெறிக்கும். தடைத்தாழ் பள்ளத்தில் விழவேண்டிய கணத்துக்கு முன்பே விழுந்தால், உருளையைச் சுற்றி வளையமாகக் கீறல் விழும். பழைய ரிவால்வரைக் கையிலெடுக்கும் தேர்ந்த கம்மியர் முதலில் தேடுவது அந்தக் கீறலைத்தான்.

வாக்கர் ரிவால்வரின் உருளையில் அந்தக் கீறல் ஒரு சித்திரத்தின்மேல் விழுகிறது. டபிள்யூ. எல். ஆர்ம்ஸ்பி என்ற செதுக்குக் கலைஞரின் கைவண்ணம் அது: குதிரையேறிய ரேஞ்சர்கள் கமாஞ்சேக்களைத் துரத்தும் காட்சி. எஞ்சிய துப்பாக்கிகள் பலவற்றில் அச்சித்திரம் ஏறக்குறைய அழிந்துபோயிற்று. ஏலத்தில் அதற்கு விலை பேசுவோர் உருப்பெருக்கியால் உற்றுநோக்கி, எத்தனை குதிரைகள் மிஞ்சியிருக்கின்றன என்று எண்ணுகிறார்கள்.