வினா 289: விடுபட்டது எது?

கும்பகோணத்தில் 1903இல் கைக்குக் கிடைத்த, ஜி. எஸ். கார் என்பவரின் கணிதத் தேற்றத் தொகுப்பு நூல், நிறுவல் என்றால் என்ன என்பதையே இராமானுஜன் அறியாதபடி செய்துவிட்டது என்பது ஆய்வாளரிடையே நெடுநாள் நிலவும் கருத்து. அதற்குக் காட்டப்படும் சான்றுகளுள் ஒன்று வினா 289. அச்சான்றை மறுபடி வாசித்தால் முடிவு மாறுகிறது.

இந்தியக் கணிதக் கழக இதழில் 1911இல் அவர் கேட்டது: √(1+2√(1+3√(1+4√…))) என்பதன் மதிப்பு என்ன? விடை 3. தீர்வையும் அவரே அளித்தார். அதன் சாரம் எளியது: 3 = √(1+2×4); அந்த 4 = √(1+3×5); அந்த 5 = √(1+4×6). இப்படியே முடிவின்றி உள்ளே போகலாம்.

இது நிறுவலே அன்று என்பார் கைவசம் வலுவான மறுப்பு உண்டு. 4 = √(1+2×15/2); அந்த 15/2 = √(1+3×221/12). இப்படியும் முடிவின்றிப் போகலாம். அப்படியானால் அதே கோவையின் மதிப்பு 4 ஆகிவிடுமே!

மறுப்பு சரி, அதிலிருந்து எடுக்கும் முடிவுதான் தவறு. இரு தொடர்களிலும் ஒவ்வொரு முடிவுறு படியும் துல்லியமான சமன்பாடு. வேறுபாடு முழுவதும் கடைசி வேருக்குள் நிற்கும் மீதியில் இருக்கிறது. இராமானுஜனின் தொடரில் மீதி 4, 5, 6, 7 என நடக்கிறது. போலித் தொடரில் 7.5, 18.4, 84.5, 1,429 எனப் பாய்கிறது. பத்து வேர்களுக்குப் பின் இராமானுஜனின் மீதி 13. அதை அழித்து 1 என்று எழுதினால் கோவை 3ஐவிடக் குறையும். எவ்வளவு? உள்ளே 13இல் ஒரு பங்காகிறது. வெளியே வரவர ஒவ்வொரு வேரும் அந்த விகிதத்தை வர்க்கமூலமாக்கி 1ஐ நோக்கித் தள்ளுகிறது. ஆகவே 3ஐ 13இன் 1,024ஆம் மூலத்தால் வகுத்துக் கிடைக்கும் 2.992க்குக் கீழே கோவை இறங்காது. வேர்கள் கூடக்கூட இடைவெளி சுழியை நெருங்கும்.

விடுபட்டது இந்த ஒரு மதிப்பீடு மட்டுமே. தாளில் இல்லாததை இராமானுஜன் தலையில் ஏற்றுவது முறையன்று. ஆயினும் மீதியை அவரது சமன்பாடே வெளிப்படையாகத் தருகிறது. 1927இல் வெளிவந்த அவரது கட்டுரைத் தொகுப்பின் பிற்சேர்க்கையில் தி. விஜயராகவனின் ஒருங்கல் நிபந்தனை இடம்பெற்றது. முடிவிலா வேர்க்கோவை ஒருங்க, அதாவது ஒரே மதிப்பை நெருங்க வேண்டுமெனில் உள்ளுறுப்புகள் எவ்வளவு வேகமாக வளரலாம் என்பதை அது வரையறுக்கிறது. பின்னாளில் சென்னை இராமானுஜன் கணித நிறுவனத்தின் முதல் இயக்குநரான அவர் தொட்டதும் இந்த வளர்ச்சி வேகத்தைத்தான்.

இது வரலாற்றுச் சிக்கல் மட்டுமன்று. ஆரணியின் நெசவாளர் வீடுகளிலிருந்து இளநிலைக் கணிதம் படிக்கப் போகும் மாணவருக்கு மெய்ப் பகுப்பாய்வு எல்லையின் எப்சிலான் வரையறையோடு தொடங்கினால், அது எந்தக் கேள்விக்கு விடை என்பதே புலப்படாது. தேர்வுக்காக நிறுவலை மனப்பாடம் செய்வதுதான் மிஞ்சும். மூன்றா, நான்கா என்ற தகராறில் பாடத்தைத் தொடங்கினால் மதிப்பீட்டின் தேவையை அவரே கேட்டுப் பெறுவார். பள்ளியில் தமிழில் கற்ற வர்க்கமூலமும் விகிதமும் இதற்குப் போதும். தொடக்கத்திலேயே போலி நிறுவலைக் காட்டினால் மாணவர் குழம்புவார் என்ற அச்சத்தைப் பெரிதாகக் கொள்ள வேண்டியதில்லை; இங்கே குழப்பம்தான் பாடம்.

பயிற்சிக்கு அதே வினாவின் இரண்டாம் பகுதி இருக்கிறது: √(6+2√(7+3√(8+…))). விடை 4, மீதி 5, 6, 7 என நகர்கிறது. மேற்கண்ட மதிப்பீடு இங்கும் செல்லும் என்பதை முதல் வாரத்திலேயே மாணவர் தாமே எழுதிப் பார்க்கலாம்.