ஒரு நாள் தாங்காத பழம்

பதினாறாம் நூற்றாண்டில் போர்ச்சுக்கீசியர் பிரேசிலிலிருந்து முந்திரியைக் கோவாவுக்குக் கொண்டுவந்தார்கள். நீண்ட கப்பல் பயணத்தைக் கொட்டை தாங்கிக்கொண்டது. அது ஒட்டியிருக்கும் பழத்துக்கு அந்தத் தெம்பு கிடையாது. தரையில் விழுந்து ஒரு நாள் ஆனாலே அழுக ஆரம்பித்துவிடும். மூட்டை கட்டினால் நசுங்கும். அதனால்தான் அந்தப் பழத்திலிருந்து ஃபெனி என்ற சாராயம் காய்ச்சும் இடம் ஊருக்குள் இல்லாமல், கோவாவின் சத்தரி போன்ற தாலுகாக்களில் முந்திரித் தோப்பை ஒட்டியே இருக்கிறது. ஓலைக் கொட்டகை, விறகடுப்பு, சில பானைகள். பழம் எவ்வளவு தூரம் தாங்குமோ, அவ்வளவுதான் தொழிலின் எல்லை.

மார்ச் முதல் மே வரை பருவம். மரபுப்படி பழத்தைப் பறிப்பதில்லை, தானாக விழ வேண்டும். பறித்த பழத்தில் துவர்ப்பு தூக்கலாக இருக்கும். பொறுக்கிய பழத்திலிருந்து கொட்டையைத் திருகி எடுத்துவிட்டு, பழத்தைக் கல் தொட்டியில் கொட்டிக் காலால் மிதிக்கிறார்கள். மிஞ்சிய சக்கையைக் கொடியால் இறுக்கிக் கட்டி, மேலே பாறாங்கல்லை ஏற்றிவிட்டால் இரவெல்லாம் சொட்டுச் சொட்டாகத் தெளிந்த சாறு இறங்கும். அதன் பெயர் நீரோ. போதையில்லாத இனிப்பு, வெயிலுக்கு அதைப்போல வேறொன்றில்லை.

மிதித்த சாறு பானையில் இரண்டு மூன்று நாள் ஊறும். சர்க்கரையோ ஈஸ்ட்டோ சேர்ப்பதில்லை, பழத்தோடு வந்த நுண்ணுயிரே போதும். பொங்கிய நுரை அடங்கியதும் ஊறலைச் செப்புப் பானையில் ஊற்றி, ஆவி கசியாமல் வாயைக் களிமண்ணால் பூசி, அடுப்பை மூட்டுகிறார்கள். ஆவி குழாய் வழியே போய்க் குளிர்ந்து சொட்டுகிறது. முதல் வடிப்பு உராக். அதில் 15 சதவீதம் போலத்தான் சாராயச் சத்து. உராக்கோடு புது ஊறலைச் சேர்த்து மறுபடி காய்ச்சினால் 40 சதவீதத்துக்கும் மேல் ஏறும். அதுதான் ஃபெனி. தண்ணீரைப்போல நிறமற்றது, வாசனையோ கொட்டகைக்கு வெளியிலும் தூக்கும். அந்த வாசனை பலருக்கு ஆகாது. ஓக் பீப்பாயில் ஊறப்போட்டு அதை மட்டுப்படுத்தலாம்தான். அப்படிச் செய்தால் பழம் காணாமல் போய்விடும் என்பது என் எண்ணம்.

நம் பண்ருட்டிப் பக்கம் இதே பழம் தோப்பிலேயே பெருமளவு வீணாகிறது. கொட்டைக்குத்தான் அங்கே விலை. கோவாக்காரர்கள் பழத்தையும் மதித்ததை நினைத்தால் எனக்குப் பொறாமையாகவே இருக்கிறது.

2009இல் ஃபெனிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனாலும் நாட்டுச் சாராயம் என்ற முத்திரை இருந்ததால் மாநில எல்லையைத் தாண்டுவது பெரும்பாடாக இருந்தது. 2016இல் கோவா அரசு அதைப் பாரம்பரிய பானமாக அங்கீகரித்த பிறகுதான் வெளியூர்க் கடைகளுக்கு வழி திறந்தது. உராக்குக்கு அந்தக் கவலை அதிகம் இல்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் பெரும்பாலும் உள்ளூர்க்காரர்களே குடித்துத் தீர்த்துவிடுகிறார்கள்.